பேப்பரில் வந்தால் நிவாரணம் வருமா? – கேள்வி பதில்

பத்திரிகை அதிகம் விற்கும் இடத்தில் அரசின் உதவி கூடுகிறதா என்று பார்த்த பொருளாதார அறிஞர் டிமோத்தி பெஸ்லியின் ஆய்வைப் பற்றி மலை ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஊட்டியிலிருந்து பொருளாதார ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கோத்தகிரி: பெஸ்லிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், சார்?

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பேராசிரியர். 45 வயதுக்குட்பட்ட ஐரோப்பியப் பொருளாதார அறிஞர்களுக்கான யூர்யோ யான்சன் விருதை 2005இல் ஜோர்டி காலியுடன் பகிர்ந்துகொண்டவர். பொருளாதார அறிஞர் ராபின் பர்ஜெஸும் அவரும் 16 இந்திய மாநிலங்களின் 1958–1992 கணக்கை அலசி 2002இல் கட்டுரை வெளியிட்டார்கள். தலைக்கு எத்தனை பேப்பர் விற்கிறது என்று மாநிலங்களைக் குறைவிலிருந்து அதிகத்துக்கு வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். உணவு உற்பத்தி 10 சதவீதம் விழும்போது, கீழிருந்து கால்வாசி இடத்தில் நிற்கும் மாநிலத்தில் ரேஷன் விநியோகம் 1 சதவீதம் கூடுகிறது; முக்கால்வாசி இடத்தில் நிற்பதில் 2.28 சதவீதம். அதாவது, பேப்பர் அதிகம் விற்கும் மாநிலத்தில் அரசு கூடுதலாக உதவுகிறது.

குன்னூர்: வசதியான மாநிலத்தில் பேப்பரும் அதிகம் விற்கும். வித்தியாசம் அதனால்தானே?

நியாயமான சந்தேகம். மாநில வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் முடிவு நிற்கிறது. இன்னொன்று: இந்த விளைவு மாநில மொழிப் பத்திரிகைகளில்தான் தெரிந்தது, ஆங்கிலப் பேப்பர்களில் இல்லை. வசதிதான் காரணம் என்றால் ஆங்கிலத்தில் அல்லவா முதலில் தெரிய வேண்டும்! ரேஷனும் நிவாரணமும் மாநில அரசின் கையில். அதற்கு ஓட்டுப் போடுகிறவர் படிப்பது அவர் மொழிப் பேப்பர்.

ஊட்டி: எம்.பி. செய்தி நம் பக்கத்தில் வருவதே அரிது, ஏன்?

அமெரிக்காவைப் பற்றி ஸ்னைடர், ஸ்ட்ராம்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. பத்திரிகை விற்கும் பரப்பும் தொகுதியின் எல்லையும் பொருந்தாத இடத்தில் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றிய செய்தி குறைகிறது, மக்களுக்கு அவர் பெயரே தெரிவதில்லை, அவரும் தொகுதிக்காக உழைப்பது குறைகிறது. நீலகிரி மக்களவைத் தொகுதியைப் பாருங்கள்: ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர். நான்கு மாவட்டம். மாவட்டப் பக்கம் போடும் பேப்பரில் ஒரே எம்.பி.யின் வேலை நான்காகச் சிதறிவிடும். என் கணிப்பில் நமக்கு இது பெரிய குறை.

கூடலூர்: மண்சரிவை டிவியில் நாள் முழுக்கக் காட்டியும் ரோடு அப்படியே கிடக்கிறதே?

காட்டுவது சேதத்தை, யார் பொறுப்பு என்பதை யாரும் சொல்வதில்லை. நிருபருக்குத் தகவல் கொடுக்கும்போது எத்தனையாவது கிலோமீட்டர், தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, ஊராட்சி ஒன்றியமா, மனு கொடுத்த தேதி என்ன என்று எழுதிக் கொடுங்கள். துறையை மாற்றிச் சொன்னால் "எங்கள் ரோடு இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள்.

கொடைக்கானல்: யார் ரோடு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தகவல் உரிமை மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். பராமரிக்கும் அலுவலகம், கடைசியாக ஒதுக்கிய தொகை, பணி உத்தரவின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். "ஏன் சரிசெய்யவில்லை?" என்று மட்டும் கேட்க வேண்டாம், அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள்.