தீம் பார்க்ல ரைடு ஆபரேட்டரா இருந்துட்டு வேலைய விட்டுட்டேன், வேலூர் பக்கம் வேற வேலை கிடைக்குமா?

கிடைக்கும். கேள்விக்குக் கீழ "ரைடு ஓட்டின அனுபவத்த இங்க யாரும் அனுபவமாவே எடுத்துக்க மாட்டேங்கறாங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் பதில் எழுதறேன். நீங்க ஐடிஐ இல்ல டிப்ளமோ முடிச்சவரா இருப்பீங்க, வீட்ல "ராட்டினம் சுத்தப் போய் இன்னாத்த சம்பாரிச்ச"ன்னு கேட்டுகினு இருப்பாங்கன்னு நெனைக்கறேன். எங்க வீட்லயும் அதேதான்.

நான் திருவலம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சிட்டு சென்னை பக்கம் ஒரு பார்க்ல சேர்ந்தேன், பேர் வேணாம். ஆபரேட்டர்னுதான் எடுத்தாங்க, கொஞ்ச நாள்லயே மெயின்டனன்ஸ் ஆளுங்களோட சேத்து விட்டுட்டாங்க. க்யூல நிக்கறவங்களுக்கு நாங்க பட்டன் அமுக்கற பசங்க, அவ்ளோதான். ஆனா காலைல கேட் தொறக்கறதுக்கு முன்னாடியே போய் போல்ட்ல போட்ட பெயின்ட் மார்க் நகர்ந்திருக்கா, ஹைட்ராலிக் ஆயில் லெவல் இன்னா, பிரேக்குக்கு ஏர் பிரஷர் வருதா, எமர்ஜென்சி ஸ்டாப் அமுக்கினா நிக்குதான்னு ஒவ்வொண்ணா பாத்து, ஆள் ஏத்தாம காலியா ஒரு ரன் விட்டு, செக்லிஸ்ட்ல கையெழுத்து போட்டாதான் அந்த ரைடு அன்னிக்கு ஓடும். ஒவ்வொரு சீட்லயும் லேப் பார், அதான் மடி மேல எறங்கி பூட்டற கம்பி, பூட்டியிருக்கான்னு ஒரு சென்சார் பாத்து பிஎல்சிக்கு, அதாவது ரைட கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டருக்கு சொல்லும், ஒரே ஒரு சீட்லேர்ந்து சிக்னல் வரலன்னாலும் ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யாது. இது ராட்டினம் சுத்தற வேலைன்னா ஃபேக்டரில மெஷின் பாக்கறதும் ராட்டினம் சுத்தற வேலைதான்.

ஒரு காணும் பொங்கல் அன்னிக்கு மத்தியானம், நல்ல கூட்டம், ஒரு சீட்ல மட்டும் சிக்னல் வரல. பார் பூட்டித்தான் இருக்கு, சென்சார்தான் போயிருக்குன்னு சூப்பர்வைசர் சொல்றார், சென்சார் வயர நேரா சேத்து ஷார்ட் பண்ணிட்டு ஓட்டுன்றார். அந்த சீட்ட காலியா விட்டு ஓட்டலாமேன்னு இங்க சில பேர் கேப்பீங்க, ஷார்ட் பண்ணிட்டா அப்பறம் அந்த சீட்ல யார் ஒக்காந்தாலும் பேனலுக்குத் தெரியாது, அன்னிக்கு இருந்த நெரிசல்ல யார் யாரப் போய் பாத்துகினு இருக்கறது. நான் மாட்டேன்னுட்டேன். ரைட மூடி சங்கிலி போட்டேன், க்யூல இருந்தவங்க கத்தினாங்க, சூப்பர்வைசர் அதுக்கு மேல கத்தினார், சாயங்காலம் சென்சார் மாத்தின பிறகுதான் தொறந்தோம். எல்லா பார்க்கும் இப்படின்னு நான் சொல்லல, அங்கயே எனக்கு வேலை கத்துக்குடுத்த சீனியருங்க அவ்ளோ சுத்தமான ஆளுங்க. ஆனா அன்னியிலேர்ந்து எனக்கு லீவு கெடையாது, ஷிப்ட் மாத்தி மாத்தி போட்டாங்க, கோடை சீசன் முடிஞ்சதும் பேப்பர் போட்டுட்டேன். கடைசி மாச சம்பளத்தையும் ரிலீவிங் லெட்டரையும் இழுத்தடிச்சாங்க.

ஊருக்கு வந்து ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைல ஏறி எறங்காத கேட் இல்ல. ஒரு எடத்துல ஹெச்ஆர்ல இருந்தவர் ரெஸ்யூம பாத்துட்டு பக்கத்து சீட்காரர்கிட்ட காட்டி சிரிச்சார், "ஏம்பா, எங்ககிட்ட ரோலர் கோஸ்டர் இல்லியே"ன்னார். இன்னிக்கும் அத நெனச்சா வயிறு எரியுது. அன்னிக்கு ராத்திரியே ரெஸ்யூம மாத்தி எழுதினேன். ரைடு ஆபரேட்டர்ன்ற பதவி பேர் அப்படியே இருக்கட்டும், ரிலீவிங் லெட்டர்ல இருக்கறத மாத்தினா பொய்யாயிடும். அதுக்குக் கீழ பிஎல்சி பேனல், ப்ராக்ஸிமிட்டி சென்சார், விஎஃப்டி டிரைவ் (மோட்டார் வேகத்த கூட்டி கொறைக்கறது), நியூமேட்டிக் பிரேக், தினசரி செக்கிங், பிரேக்டவுன் ரிப்போர்ட் அப்படின்னு நம்ம கை பட்ட வேலைய எழுதுங்க.

எனக்கு கடைசியில வேலை குடுத்தது சிப்காட் இல்ல, வேலூர்லயே லிஃப்ட் சர்வீஸ் பண்ற ஒரு சின்ன கம்பெனி. அங்க இன்டர்வியூ பண்ண இன்ஜினியர் சேஃப்டி சர்க்யூட்னா இன்னான்னு கேட்டார். நான் லேப் பார் கதைய சொன்னேன். லிஃப்ட்லயும் அதேதான் தம்பின்னார், ஒவ்வொரு மாடி கதவு லாக்கும் வரிசையா ஒரே சர்க்யூட்ல இருக்கும், எங்க ஒரு கதவு சரியா மூடலன்னாலும் வண்டி நகராது. திங்கக்கெழமை வாங்கன்னு சொல்லிட்டார். சம்பளம் ஆரம்பத்துல பார்க்க விட கம்மிதான், ஆனா ராத்திரி எங்க வீட்டு சோறு.

இத சொல்லாம விட முடியல. காந்தி ரோட்டையும் அத சுத்தியும் எவ்ளோ லாட்ஜுன்னு வேலூர்காரங்களுக்குத் தெரியும், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பாக்க வங்காளத்துலேர்ந்தும் ஜார்க்கண்ட்லேர்ந்தும் வர்றவங்க வாரக்கணக்கா அங்கதான் தங்கறாங்க. அதுல சில ஓனருங்க லிஃப்ட் டோர் லாக் ரிப்பேர்னா மாத்த காசு குடுக்காம "ஷார்ட் பண்ணி வுடுபா, அப்பறம் பாத்துக்கலாம்"ன்றாங்க. தமிழ்நாட்ல லிஃப்டுக்குன்னு 1997-லயே சட்டம் இருக்கு, லைசன்ஸ் வாங்கித்தான் ஓட்டணும். ஆபரேஷன் முடிஞ்ச ஆளு வீல் சேர்ல ஏறுவாரு, கதவு தொறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்ந்தா அவர் கதி இன்னா? மூணு வேள சாப்பாட்ட ரெண்டு வேளையாக்கிட்டு ரூம் வாடகை கட்றவங்க அவங்க. நான் ஷார்ட் பண்ண மாட்டேன்னு சொல்லி கான்ட்ராக்ட் போன பில்டிங்கும் உண்டு, என் முதலாளி அதுக்காக ஒரு வார்த்த சொல்லல.

சரி, உங்க விஷயம். பழைய கம்பெனி பிஎஃப்ல நீங்க வேலைய விட்ட தேதிய போட்டாங்களான்னு மொதல்ல யூஏஎன் (உங்க பிஎஃப் நம்பர்) போர்ட்டல்ல பாருங்க. போடலன்னா கெஞ்சிகினு இருக்காதீங்க, கடைசியா பணம் கட்டின மாசத்துலேர்ந்து ரெண்டு மாசம் போனதும் 'மார்க் எக்ஸிட்'ல போய் ஆதார் ஓடிபி வெச்சு நீங்களே போட்டுக்கலாம். கைச்செலவுக்குன்னு பிஎஃப் மொத்தத்தையும் உருவ வேணாம், புது கம்பெனிக்கு மாத்திக்கோங்க, பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் கணக்கு வேணும். ஈஎஸ்ஐ கார்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் கட்டினதுக்கு அடுத்த ஜனவரி டு ஜூன்தான் பலன் வரும், அதனால இப்ப வேலை இல்லன்னாலும் வீட்ல யாருக்காவது வைத்தியம்னா கேட்டுப் பாருங்க. கேட்ல நின்னு "ஒரு மாச சம்பளம் குடு, உள்ள சேத்து வுடறேன்"ன்ற ஏஜென்ட் யாருக்கும் ஒரு ரூபா குடுக்காதீங்க.

லிஃப்ட் மட்டும்னு இல்ல, ஆம்பூர் ஷூ கம்பெனி மெயின்டனன்ஸ், ஆஸ்பத்திரி, காலேஜ்ல ஏசி பிளான்ட், ஜெனரேட்டர், எஸ்டிபி (கழிவுநீர் சுத்தம் பண்ற பிளான்ட்) பாக்கற வேலை எல்லாத்துக்கும் நம்ம கை பழகின கைதான். உங்க ட்ரேட் இன்னா, எந்த மாதிரி ரைடு பாத்தீங்க, பேனல் தொறந்து வேலை பண்ணியிருக்கீங்களான்னு எழுதுங்க, ரெஸ்யூம்ல எத முன்னாடி போடறதுன்னு சொல்றேன்.