தலை வேட்டையாடும் பழங்குடிகள் நடுவே வெளியாட்கள் எப்படி உயிரோடு வாழ்ந்தார்கள்?

தலைவேட்டை என்பது எதிரியைக் கொன்று தலையை ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம். வடகிழக்கு இந்தியாவின் நாகா மலைகளிலும் போர்னியோ தீவிலும் இருந்தது. தலையில் ஓர் உயிர்ச்சக்தி இருக்கிறது, அது ஊருக்கு வந்தால் பயிர் செழிக்கும் என்று நாகா மலைப் பழங்குடிகளான நாகர்கள் பலர் நம்பினார்கள். ஆனால் கண்ணில் பட்டவனையெல்லாம் வெட்டவில்லை. பெரும்பாலும் பகை ஊர்க்காரர்தான் இலக்கு.

வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு ஊர் அடித்துக்கொள்ளும்போது, ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளியை அந்த ஊர்க்காரர் யாரும் தொடமாட்டார் இல்லையா? அந்தக் கணக்குதான். ஊர் ஏற்றுக்கொண்டவர் ஊரின் பொறுப்பு.

உர்சுலா கிரஹாம் போவர் என்ற ஆங்கிலேயப் பெண் நல்ல உதாரணம். அசாமின் வடக்கு கச்சார் மலையில் லைசோங் என்ற ஊரில் ஸெமே நாகர்களோடு தங்கினார். பிரிட்டிஷாரை எதிர்த்ததற்காக 1932-இல் சிறைப்பட்ட நாகா பெண் தலைவர் காய்தின்லியுவின் மறுவடிவம் இவர் என்றே சிலர் நம்பினார்களாம். வேடிக்கைதான், சிறையில் அடைத்ததும் இவர் நாட்டு அரசுதான்! 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும், பழைய நாட்டுத் துப்பாக்கிகளோடு ஸெமே இளைஞர்களைத் திரட்டிக் காட்டுப் பாதைகளைக் கண்காணித்தார். ஊர் நம்பாத ஒருவருக்கு இது நடந்திருக்குமா?

அப்புறம், தலைவேட்டை என்றால் மனித மாமிசம் தின்பது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு, நாகர்கள் எடுத்த தலைகளைத் தின்னவில்லை, ஊரில் காட்சியாக வைத்தார்கள்.