சிறுத்தை இருக்கட்டும், அந்த உதடு என்ன ஆயிற்று?

கேள்வி: எனக்கு 59 வயது. பிறந்து வளர்ந்தது மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில். இப்போது கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் இரும்புக்கடை. இரண்டு வருடமாக மாதத்தில் மூன்று நான்கு தடவை, விடியற்காலையில் ஒரே கனவு வருகிறது. தேயிலைச் சரிவில் சிறுத்தை ஒன்று என்மேல் பாய்கிறது. நான் அதை அடித்து உதைத்துப் போராடுகிறேன். ஒரு தடவை கை தவறி மனைவியின் உதட்டில் பட்டு மூன்று தையல் போட வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து அவள் ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறாள், அது வேறு விஷயம். பகைவரால் தீங்கு என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. உறவுக்குள்ளேயே பகை என்கிறார் சோதிடர். தாயத்தும் கட்டியாயிற்று. தீபாவளிக்கு வந்த மனைவியின் அண்ணன் ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து போனார், இன்றுவரை பேச்சில்லை. அந்தச் சிறுத்தை அவர்தானா? என்ன பரிகாரம்? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

தம்பி, மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சிறுத்தையின் மீசைக்கும் மூச்சுச் சூட்டுக்கும் அது பதுங்கிய தேயிலைச் செடிக்கும் ஒன்றரைப் பக்கம். தையல் போட்ட உதட்டுக்கு ஒரு வரி. அந்த வரியின் வாலில் "அது வேறு விஷயம்" என்று ஒரு முடிச்சு. நான் அந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் போகிறேன். சிறுத்தை அதுவரை காத்திருக்கட்டும்.

26 வருடமாக இந்தப் பகுதிக்குக் கனவுகள் வந்துகொண்டிருக்கின்றன. யானை துரத்திய கனவு, பாம்பு கொத்திய கனவு, நாய் கடித்த கனவு. ஆளுக்கொரு விலங்கு, கேள்வி மட்டும் ஒன்றுதான்: யார் எனக்குச் செய்வினை வைத்தது? கண்டவர் காயப்படாமல் பக்கத்தில் படுத்தவர் காயப்பட்ட கனவுகளும் அவற்றில் உண்டு. அப்படி எழுதிய ஆண்களில் ஒருவர்கூட அந்தக் காயத்தை முதல் பக்கத்தில் எழுதியதில்லை.

பலன் கேட்டீர்கள், அதையும் பார்த்துவிடுவோம். விடியற்சாமத்துக் கனவு பத்து நாளில் பலிக்கும் என்பது பழைய கனாநூல் கணக்கு. உங்களுக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது. அதில் எத்தனை பத்து நாள் போயிருக்கும் என்று இரும்புக்கடைக் கணக்கு எழுதும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? பகைவன் வந்தானா? வரவில்லை. ஆகவே நீங்களே ஒருவரைத் தேடிப் பிடித்து, சிறுத்தையின் உடம்பில் மச்சானின் தலையை ஒட்டிவிட்டீர்கள்.

இனி அந்த மச்சான் கதைக்கு வருகிறேன். உதடு கிழிந்தது உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, "தீபாவளிக்கு முந்திய கிழமை" என்று. மச்சான் சாப்பிடாமல் எழுந்து போனது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான், ஆனால் சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. தங்கை வீட்டுக்குப் பண்டிகைக்கு வருகிறார் ஓர் அண்ணன். தையல் பிரியாத உதட்டோடு தங்கை இலையில் பலகாரம் வைக்கிறாள். "என்னம்மா இது?" என்று கேட்டிருப்பார். உங்கள் மனைவி என்ன சொல்லியிருப்பார்? குளியலறையில் வழுக்கியது என்றிருப்பார். நம் பெண்களுக்கு வழுக்குவதற்கென்றே ஒரு குளியலறை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த இலையில் அவர் எப்படிக் கை நனைப்பார்? எழுந்து போனதற்காக அந்த மனிதரை நான் மதிக்கிறேன். உங்களோடு அவர் பேசாமல் இருப்பதற்குக் கிரகம் எதுவும் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒன்று கேட்டே ஆக வேண்டும். விழித்திருக்கும்போதும் உங்கள் கை நீளுவதுண்டா? உண்டென்றால் இதற்குமேல் படிக்க வேண்டாம், சிறுத்தையின் பெயரைச் சொல்லித் தப்பவும் பார்க்க வேண்டாம். உங்கள் மனைவிக்கு நான் சொல்லும் வழி பொலிஸ் நிலையத்தில் முடியும்.

இல்லை, தூக்கத்தில் மட்டும்தான் என்றால் கேளுங்கள். கனவு காணும் தூக்கத்தில் இமைக்குள் கண் ஓடிக்கொண்டிருக்கும். கை கால்கள் மட்டும் கட்டிப்போட்டதுபோல் கிடக்கும். மூளைத்தண்டு போடுகிற கட்டு அது. அது இருப்பதால்தான் கனவில் ஓடுகிறவன் கட்டிலைவிட்டு இறங்கி ஓடுவதில்லை. சிலருக்கு வயது போகப்போக அந்தக் கட்டு தளர்ந்துவிடுகிறது. கனவில் அடித்தால் கட்டிலிலும் அடி விழுகிறது. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வைத்தியர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். பெரும்பாலும் 50 வயது தாண்டிய ஆண்களிடம் காண்கிறார்கள். கனவும் பெரும்பாலும் இதே சாதிதான்: யாரோ துரத்துவது, விலங்கு பாய்வது, தன்னையோ தன் குடும்பத்தையோ காக்கப் போராடுவது. மலைநாட்டுப் பிள்ளையான உங்களுக்குச் சிறுத்தை, வன்னியில் வளர்ந்தவருக்குக் கரடி. இந்தத் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் நீளமாக வரும். விடியற்காலைக் கனவு என்பதற்கு அவ்வளவுதான் விளக்கம்.

இப்போது கசப்பான பகுதி. இந்த நோய் சிலருக்குப் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களின் முன்னறிவிப்பு. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்னாலேயே தூக்கத்தில் தலைகாட்டிவிடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில குளிசைகளாலும் வரலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் கோளாறும் இதைப்போல வேடம் போடும். உங்களுக்கு எது என்று சொல்ல நரம்பியல் வைத்தியர் வேண்டும். ஓர் இரவு தூங்கவைத்துப் பார்க்கும் பரிசோதனையும் தேவைப்படலாம். கட்டுப்படுத்த மருந்து உண்டு. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, காசும் கேட்க மாட்டார்கள். தாயத்துக்குக் கொடுத்ததில் நிபுணர் ஒருவரைத் தனியாரிடம் காசு கட்டிச் சனல் செய்தே பார்த்திருக்கலாம் என்பது வேறு விஷயம். (பார்த்தீர்களா, எந்த இடத்தில் அந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று?)

தனியாகப் போகாதீர்கள். இரவில் என்ன நடக்கிறது என்று வைத்தியர் கேட்பார், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மஸ்கெலியாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். கொட்டாஞ்சேனையில் விழித்துக் கிடந்தவர் ஒருவர்தான். எத்தனை மணிக்குக் கத்துகிறீர்கள், எந்தக் கை வீசுகிறது, கண் மூடியிருக்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிக்கிறீர்களா, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். கறி அடிப்பிடிக்கும் மணம் உங்கள் மூக்குக்கு எட்டுகிறதா என்பதையும் அவரிடமே கேட்டு வையுங்கள். மணம் தெரியாமல் போவதும் நான் சொன்ன நரம்பு நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதால் வைத்தியர் அதையும் கேட்கக்கூடும். இரண்டு வருடமாக உங்கள் கனவை சோதிடரிடம் சொன்னீர்கள், கடைப் பையனிடம் சொன்னீர்கள், எனக்கும் எழுதினீர்கள். "நான் இரவில் உனக்கு என்ன செய்கிறேன்?" என்று பக்கத்தில் படுத்தவரிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா? கேட்டதாக மூன்று பக்கத்தில் எங்கும் இல்லை.

சிம்ம சொப்பனம் என்கிறோம். இல்லாத சிங்கத்தைக் கனவில் கண்டு யானை மிரளும் என்பார்கள். யானையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், அது மிரண்டு எழுந்தபோது காலடியில் கிடந்த வாழைத்தோட்டத்தைப் பற்றி யார் சொன்னார்கள்?

நீங்கள் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. தூக்கத்தில் விழுந்த அடிக்கு உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மாட்டேன். விடிந்த பிறகு செய்ததற்குத்தான் இந்தக் கோபம். தையல் போட்டுக் கூட்டி வந்தீர்கள், சரி. அன்றிரவு அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹோலுக்குப் போனபோது நீங்கள் எங்கே படுத்திருந்தீர்கள்? கட்டிலில், மின்விசிறிக்குக் கீழே. அடித்தவருக்குக் கட்டில், அடி வாங்கியவருக்குத் தரை. குடும்பத்துக்கு மூத்தவர் என்றால் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்பவர் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

இன்றிரவே இடத்தை மாற்றுங்கள். கட்டில் அவருக்கு. நீங்கள் ஹோலில் தரையில் படுங்கள், உங்களுக்கும் அதுதான் பத்திரம், விழ உயரம் இருக்காது. கண்ணாடி மேசை, கூர் முனைகள், தண்ணீர்ப் போத்தல் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. குடிப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வேறு நோய்க்குக் குளிசை எடுப்பதானால் நீங்களாக விட்டுவிட வேண்டாம், அட்டையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். கத்தினால் தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும்படி மனைவியிடம் சொல்லி வையுங்கள், கிட்டே வந்து தொட்டு எழுப்ப வேண்டாம்.

பிறகு மச்சான் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசியில் முடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் தங்கையின் உதட்டைக் கிழித்தது என் கைதான், தூக்கத்தில் நடந்தது, வைத்தியரிடம் போகிறோம் என்று மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைத்தியரிடம் போய்வந்த பிறகு எனக்கு எழுதத் தோன்றினால், இந்த முறை பேனாவை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். மூன்று பக்கத்தில் அவர் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை.