சீனப் பெண்ணுக்கு ஆங்கிலம்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஷென்ஜெனில் எலெக்ட்ரானிக் உதிரிபாக வியாபாரத்தில் இருக்கிறேன். பக்கத்து ஃபிளாட் குடும்பத்தோடு நல்ல பழக்கம். அவர்கள் மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இங்கே கல்லூரி மாணவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வில் நான்காம் நிலையைத் தாண்டிவிட்டாள். ஆறாம் நிலையில் 425 வரவில்லை. கேட்பதும் வாசிப்பதும் சுமார், கட்டுரையும் மொழிபெயர்ப்பும்தான் காலை வாருகின்றன. "இந்தியர்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்று அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் அனுப்பிவைக்கிறார். நான் இன்ஜினியரிங் படித்தவன். இலக்கணம் கேட்டால் முழிக்கிறேன்.

அந்தப் பெண் உழைப்பாளி. மாதிரிக் கட்டுரைகளை முழுசாக மனப்பாடம் செய்கிறாள். சீனப் பத்தியைப் போனில் போட்டு ஆங்கிலமாக்கி, அதையும் மனப்பாடம் செய்கிறாள். இது தப்பு என்று தோன்றுகிறது, ஆனால் பதிலுக்கு என்ன செய்யச் சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் சிங்கப்பூரில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். வழி சொல்லுங்கள்.

க., ஷென்ஜென்

*

அன்புள்ள க.,

முதலில் அந்தத் தேர்வைப் பற்றி நம் வாசகர்களுக்காகக் கொஞ்சம். சீனாவில் 1987 முதல் நடக்கும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் மேல்படி இந்த ஆறாம் நிலை. நான்காம் நிலையில் 425 எடுத்தவர்கள்தான் இதற்குப் பதிய முடியும். மொத்தம் 710. கேட்டலுக்கு 249, வாசிப்புக்கு 249, எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 212. தேர்ச்சி, தோல்வி என்று சான்றிதழில் போடுவதில்லை. ஆனாலும் 425 என்பதுதான் கோடு என்று ஊரே வைத்திருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அதனால் "மதிப்பெண்ணை விடு, மொழியைக் கற்றுக்கொள்" என்று அவளிடம் உபதேசம் செய்யாதீர்கள். அவளுக்கு இரண்டும் வேண்டும்.

எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் மதிப்பெண் பட்டியலில் ஒரே எண்தான் வரும். அது எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் அவளுடைய சிக்கலும் இரண்டிலும் ஒன்றுதான்.

2013 டிசம்பரிலிருந்து மொழிபெயர்ப்புப் பகுதியில் தனித்தனி வாக்கியங்கள் போய் முழுப் பத்தி வந்துவிட்டது. ஆறாம் நிலைக்கு 180 முதல் 200 சீன எழுத்துகள், அரைமணி நேரம். சீனாவின் வரலாறு, பண்பாடு, பொருளாதாரம் என்று உள்ளூர் விஷயமாகத்தான் இருக்கும். பெருங்கால்வாயைப் பற்றி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம். சீனத்தில் அது ஏறக்குறைய இப்படிப் போகும்: பெருங்கால்வாய் பெய்ஜிங்கில் தொடங்குகிறது, ஹாங்ஜோவில் முடிகிறது, நீளம் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர், வரலாறு ஈராயிரம் ஆண்டுக்கு மேல், உலகின் மிக நீளமான செயற்கை நீர்வழி. எல்லாம் காற்புள்ளி, கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. சீன வாசகருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. எது காரணம், எது விளைவு, எது முக்கியம், எது கூடுதல் தகவல் என்பதை அவரே சேர்த்துக்கொள்வார். வாக்கியம் அதை வெளியே காட்ட வேண்டியதில்லை.

இதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் ஐந்து வினைச்சொற்கள் காற்புள்ளிகளுக்கு நடுவே வரிசையில் நிற்கும். திருத்துகிறவர் சிவப்பு மையில் கோடு போடுவார். அல்லது அவள் பயந்துபோய் ஐந்து குட்டி வாக்கியங்களாக வெட்டி வைப்பாள். பிழை இருக்காது, ஆனால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கும். இந்த ஐந்தில் எது தலைமை என்று முடிவு செய்து, மற்ற நான்கையும் அதன் கீழே அடக்குவதுதான் ஆங்கிலத்தில் செய்ய வேண்டிய வேலை. நீர்வழி என்பதுதான் செய்தி என்றால் தொடக்கமும் முடிவும் நீளமும் வயதும் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இதை ஆங்கிலத்துக்கு வந்த பிறகு செய்ய முடியாது. சீனப் பத்தியை வாசிக்கும்போதே பென்சிலால் தலைமை வினையை வட்டமிடச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வட்டம்தான். இரண்டு வட்டம் வந்தால் இரண்டு வாக்கியம்.

போனில் போட்டு எடுப்பதில் எனக்குள்ள புகார் இதுதான். கருவி இப்போதெல்லாம் நல்ல ஆங்கிலமே தருகிறது. ஆனால் இந்த வட்டமிடும் வேலையை அது செய்துவிடுகிறது. அவள் மனப்பாடம் செய்வது முடிவை மட்டும்தான். அடுத்த பத்தியில் கால்வாய்க்குப் பதில் தேநீர் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. தான் எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கக் கருவியைத் திறக்கட்டும், அதில் தப்பில்லை.

நீங்கள் இன்ஜினியரிங் படித்தவன் என்று கூச்சப்படுகிறீர்கள். உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. 'நேற்று வந்த பையன்' என்று நாம் சொல்வோம். சீனத்திலும் அதே வரிசைதான்: நேற்று, வந்த, பையன். ஆங்கிலத்தில் பையன் முன்னால் வந்துவிடுவான், அவனைப் பற்றிய விவரம் பின்னால் வரும். பெயருக்கு முன்னே நீளமாக அடுக்கிப் பழகிய கைக்கு இது எவ்வளவு சங்கடம் என்பது ஒரு வெள்ளைக்கார ஆசிரியருக்கு உள்ளூரப் புரியாது, உங்களுக்குப் புரியும். 'எ' (a), 'த' (the) என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சங்கதி தமிழிலும் இல்லை, சீனத்திலும் இல்லை. நீங்கள் அதை எப்படிப் பழகினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், அதையே சொல்லிக்கொடுங்கள். விதியாக யாரும் பழகியிருக்க மாட்டோம், வாசித்து வாசித்துத்தான் வந்திருக்கும்.

நாம் பிரியும் இடமும் உண்டு. தமிழ் வினையில் காலம் ஏறியிருக்கும். சீன வினை காலத்துக்காக உருமாறாது, நேற்று, நாளை போன்ற சொற்களும் சில சிறு இடைச்சொற்களும் போதும். அதனால் கால்வாய் தோண்டிய காலத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிகழ்காலத்துக்கு நழுவுவாள். என் வகுப்பில் நல்ல மாணவர்களும் இப்படித்தான் நழுவினார்கள். பேச்சில் அவன், அவள் மாறிப்போவதும் இதே வகை, சீனப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். சிரிக்காதீர்கள், அப்புறம் வாயே திறக்க மாட்டாள்.

சரி, மனப்பாடத்துக்கு வருகிறேன். இதில் உங்களோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. குழந்தையிலிருந்து தாங் அரச மரபுக் காலத்துப் பழைய சீனக் கவிதைகளை ஒப்பித்து வளர்ந்த பெண்ணிடம் மனப்பாடம் கூடாது என்றால் அவளிடம் இருக்கும் நல்ல கருவியைப் பிடுங்குகிறோம். எதை மனப்பாடம் செய்கிறாள் என்பதுதான் கேள்வி. 'சமூகம் வேகமாக வளர்ந்துவரும் இக்காலத்தில்' என்று தொடங்கி, 'ஒவ்வொரு நாணயத்துக்கும் இரு பக்கங்கள்' வழியாக, 'எனவே அனைவரும் கைகோத்து' என்று முடியும் வார்ப்புக் கட்டுரைகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. தலைப்பு என்ன வந்தாலும் நடுவில் நாலு வரி மாற்றினால் போதும். கட்டுரைக்கு 15 புள்ளி, 2, 5, 8, 11, 14 என்று ஐந்து படிநிலை. என் கணிப்பு, வார்ப்புக் கட்டுரை அவளை எட்டில் உட்காரவைக்கும், பதினொன்றுக்கு ஏறவிடாது. திருத்துகிறவர் அந்த வாரத்தில் அதே முதல் வரியை எத்தனை தடவை பார்த்திருப்பார்!

வார்ப்புக்குப் பதிலாக நல்ல பத்திகளை, அதுவும் திருப்பி மொழிபெயர்க்கும் வழியில் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். இது பழைய முறை. முதலாம் எலிசபெத்துக்குப் பாடம் சொன்ன ரோஜர் ஆஸ்கம் லத்தீனுக்கு இதைத்தான் பரிந்துரைத்தார்: லத்தீன் பத்தியை ஆங்கிலமாக்கு, மூலத்தை மூடு, கொஞ்ச நேரம் கழித்து உன் ஆங்கிலத்திலிருந்து லத்தீனைத் திரும்ப எழுது, பிறகு மூலத்தோடு வைத்துப் பார். அவர் நூல் 1570இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பையனாக இருந்தபோது செய்தது இதன் தம்பி. பிடித்த கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிறு குறிப்பு எடுப்பார், சில நாள் அதைத் தொடமாட்டார், பிறகு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையை மறுபடி எழுதி மூலத்தோடு ஒப்பிடுவார். அவருக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை, மூலமே திருத்திக்கொடுத்தது. உங்களுக்கும் அதுதான் லாபம். இலக்கணம் தெரியவில்லை என்று முழிக்க வேண்டாம்.

ஆகவே வாரம் ஒரு பத்தி, நூறு சொல் அளவு. திங்களன்று அதைச் சீனமாக்கட்டும், இயல்பான சீனமாக, அவள் பாட்டி வாசித்தாலும் புரிகிற மாதிரி. இந்தப் பாதியைப் பிள்ளைகள் ஏனோதானோவென்று செய்வார்கள். சீனம் ஆங்கில வாடையோடு இருந்தால் திருப்பி எழுதுவது சுலபமாகிவிடும், பயிற்சியும் வீணாகிவிடும். வியாழனன்று சீனத்தை மட்டும் பார்த்து ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வரும்போது இரண்டு ஆங்கிலமும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். எல்லா வித்தியாசத்தையும் பிடிக்காதீர்கள், மூன்று போதும். மூலத்தில் தலைமை வினை எது, இவள் எதை வைத்தாள் என்பது அந்த மூன்றில் ஒன்றாக எப்போதும் இருக்கட்டும். வித்தியாசம் எல்லாமே பிழை அல்ல. சில இடத்தில் அவளுடையதே நன்றாக இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசியில் மூலப் பத்தியை மனப்பாடம் செய்யட்டும். அதற்குள் பாதி தானாகவே ஏறியிருக்கும்.

பத்திக்கு எங்கே போவது? நாவல் வேண்டாம், நாளிதழ் தலையங்கமும் வேண்டாம். பெரிய அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களுக்குப் போங்கள். லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் சீனப் பீங்கான், பட்டு, பச்சைக்கல், வெண்கலப் பாத்திரம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு விவரக்குறிப்பு இருக்கும். குறைந்த இடத்தில் நிறையச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் எழுதியவை அவை. எங்கே, எப்போது, எதனால், எவ்வளவு என்ற தகவல்களை ஒரே வாக்கியத்தில் அடக்கும் வித்தை அங்கேதான் கிடைக்கும். விஷயமும் சீனா பற்றியது, தேர்வு கேட்பதும் அதுதான்.

வாசிப்புக்கு அதிகம் சொல்ல மாட்டேன். நீண்ட கட்டுரையைக் கொடுத்து, பத்து வாக்கியங்களை அந்தந்தப் பத்தியோடு பொருத்தச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதற்கு வாக்கியத்தில் உள்ள சொல்லைப் பிடித்துக்கொண்டு கட்டுரையில் தேடி ஓடப் பழக்கியிருப்பார்கள். தேர்வுக்கு அது சரியான தந்திரம்தான். ஆனால் அவள் வாசிப்பது அது ஒன்றாக மட்டும் இருக்கக் கூடாது. தினமும் அரைமணி நேரம், பக்கத்துக்கு இரண்டு மூன்று தெரியாத சொல்லுக்கு மேல் இல்லாத சுலபமான புத்தகம், அகராதி இல்லாமல். கல்லூரிப் பெண்ணுக்குக் குழந்தைப் புத்தகமா என்று அவள் அம்மா கேட்கக்கூடும். ஆங்கிலச் சொற்பட்டியலை அகரவரிசையில் மனப்பாடம் செய்யத் தொடங்கி, முதல் சில பக்கங்களோடு கைவிடுவது சீன மாணவர்களிடையே பழைய நகைச்சுவை, அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிச் சமாளியுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். அவள் கடைசியாக மொழிபெயர்த்த பத்தி எதுவோ, அதன் சீன மூலத்தோடு வரச் சொல்லுங்கள். ஆங்கிலத்தைப் பார்க்காதீர்கள். "இந்த வாக்கியம் என்ன சொல்கிறது?" என்று கேட்டு, பேச்சு ஆங்கிலத்திலோ உங்களுக்குத் தெரிந்த கடைச் சீனத்திலோ அவளைச் சொல்ல வையுங்கள். எதை முதலில் சொல்கிறாளோ அதைச் சுற்றி அவளே பென்சிலால் வட்டம் போடட்டும். ஜூன் தேர்வுக்கு முன்னால் ஒரு முறை எழுதுங்கள், அவளுடைய இரண்டு பத்திகளையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்