சூரியக் காத்தை அளக்கப் போறன் எண்டு நிக்கிற பிள்ளையின்ர அம்மாவுக்கு

அக்கா, நேற்று வெள்ளவத்தையில என்னட்ட மேல்படிப்பு ஆலோசனைக்கு நீங்களும் மகளும் வந்திட்டு எழும்பேக்க ஒரு கேள்வி கேட்டனீங்கள், கெமிஸ்ட்ரி நல்லாச் செய்யிற பிள்ளை சூரியக் காத்தில என்ன மூலகம் எவ்வளவு இருக்கெண்டு அளக்கப் போறாளாம், அதுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது எண்டு. வெளியில அடுத்த ஆக்கள் காத்துக்கொண்டு இருந்ததால நான் அரைகுறையாத்தான் பதில் சொன்னனான், இப்ப ஆறுதலா எழுதுறன், அண்ணைக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

நீங்கள் போன் எடுக்க வெளியில போன நேரம் மகள் தன்ர ரியூஷன் கொப்பியைத் திறந்து ஒரு வரைபு காட்டினவா, முதலாம் அயனாக்கற் சக்தி, அதாவது அணுவில இருந்து முதல் இலத்திரனைப் பிடுங்கத் தேவையான சக்தி, ஏஎல் பிள்ளையள் எல்லாரும் பாடமாக்கிற அதே வரைபுதான். மகனீசியத்துக்கு 738 கிலோயூல், ஒட்சிசனுக்கு 1314, நியோனுக்கு 2081. அதில மகனீசியம், சிலிக்கன், இரும்பு மூண்டையும் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிருக்கிறா. ஏனெண்டு கேட்டன். மெதுவா வீசுற சூரியக் காத்தில இலத்திரனைச் சுலபமா இழக்கிற இந்த மூலகங்கள் சூரியன்ர மேற்பரப்பில இருக்கிற விகிதத்தை விட ரெண்டு மூண்டு மடங்கு கூட வருதாம், நியோன் மாதிரி இழக்க மாட்டன் எண்டு நிக்கிறதுகள் அப்பிடி வாறேல்லையாம், வேகமான காத்தில இந்த வித்தியாசம் குறைவாம். சோதினைக்குப் பாடமாக்கின ஒரு வரைபை சூரியனில கொண்டுபோய் வச்சுப் பார்க்கிற பிள்ளை அக்கா, இத்தனை வருசத்தில நான் இப்பிடி நாலு பேரைக் கூடக் காணேல்ல. உங்கட பிள்ளை கனவு காணேல்ல, அவ சரியாத்தான் யோசிக்கிறா.

சூரியக் காத்து எண்டா நாங்கள் மூச்சு விடுற காத்தில்லை. சூரியனில இருந்து செக்கனுக்கு 300 தொடக்கம் 800 கிலோமீற்றர் வேகத்தில வாற அயன்களும் இலத்திரன்களும். அயன்களில கிட்டத்தட்ட 95 வீதம் புரோத்தன், 4 வீதமளவு ஈலியம், மிச்சம் இருக்கிற ஒரு வீதத்துக்கும் குறைஞ்ச துண்டுக்குள்ளதான் காபன், ஒட்சிசன், நியோன், இரும்பு எல்லாம். அந்தத் துண்டை அளக்கிறதுதான் கஷ்டமான வேலை. ஏஸ், சோலார் ஒபிட்டர் மாதிரி விண்கலங்களில இருக்கிற கருவி முதல்ல மின்புலத்தால அயனை வளைச்சுத் தெரிவு செய்யும், பிறகு அது மெல்லிய காபன் தாளைத் துளைச்சுப் போகேக்க ஒரு சிக்னல், கொஞ்சம் தள்ளி மற்றப் பக்கத்தில போய் மோதேக்க இன்னொரு சிக்னல், இடைப்பட்ட நேரம் நனோசெக்கன் கணக்கு, அதோட மோதின சக்தியையும் சேர்த்தா திணிவும் ஏற்றமும் வந்திடும். ஏழு இலத்திரன் இழந்த ஒட்சிசன் எவ்வளவு, ஆறு இழந்தது எவ்வளவு எண்டு பார்த்தாலே அது புறப்பட்ட இடத்தின்ர வெப்பநிலையைச் சொல்லலாம்.

ஆரம்ப காலத்தில இதை ஒரு அலுமினியத் தாளை வச்சும் செய்தவை. 1969ல அப்பொல்லோ 11ல போனவை சந்திரனில ஒரு தாளை யன்னல் பிளைண்ட் மாதிரி இழுத்து 77 நிமிசம் சூரியனுக்குப் பிடிச்சிட்டுச் சுருட்டிக்கொண்டு வந்தவை, சுவிஸ்ல பேர்ன் பல்கலைக்கழகத்தில அதை வெட்டித் துப்புரவாக்கி உருக்கி, வெளியில வந்த ஈலியம், நியோனை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில, அதாவது அயன்களைத் திணிவு வாரியாப் பிரிச்சு அளக்கிற கருவியில, அளந்தவை. பிறகு நாசாவின்ர ஜெனிசிஸ் விண்கலம். சிலிக்கன், தங்கம், நீலக்கல் தட்டுகளை ரெண்டு வருசத்துக்கு மேல சூரியக் காத்தில விரிச்சு வச்சு, 2004 செப்டெம்பர் 8 திரும்பி வரேக்க சுவிட்சை டிசைனில தலைகீழாப் போட்டதால பரசூட் விரியாம யூட்டா பாலைவனத்தில விழுந்து நொறுங்கிப் போச்சு. சேர்த்தது மொத்தமா சில உப்புக்கல் அளவு, அதில சேறும் பட்டிட்டுது. ஆனா விடேல்ல, துண்டு துண்டாப் பொறுக்கிக் கழுவி 2011ல ஒட்சிசன், நைதரசன் சமதானி (ஒரே மூலகத்தின்ர திணிவு வித்தியாசமான அணுக்கள்) முடிவுகளை வெளியிட்டவை.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். இந்தத் துறையில பிள்ளையின்ர கை பழகிறது என்ன? மிகச் சின்ன அளவை, அழுக்குப் படாம, பிழை எவ்வளவெண்டு தெரிஞ்சு அளக்கிறது. அதே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் ஏற்றுமதியாகிற தேயிலையில பூச்சிமருந்து மிச்சம் இருக்கோ எண்டு பார்க்குது, மருந்து, தண்ணி, இரத்தினக்கல் சோதிக்கிற இடங்களிலயும் அதுதான். சூரியன் சரிவரேல்ல எண்டாலும் அவ வெறுங்கையோட நிக்க மாட்டா. இதைத்தான் நீங்கள் நித்திரை கொள்ள முதல் நினைக்க வேணும்.

படிப்பு விஷயம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் காணுமெண்டா கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் எதெண்டாலும் விஞ்ஞான பீடம், பௌதிகவியலும் இரசாயனவியலும் சேர்த்து எடுத்து நாலு வருச ஒனர்ஸ் (முந்தி ஸ்பெஷல் எண்டது) டிகிரிக்குப் போகட்டும். வெட்டுப்புள்ளி தப்பினா உலகம் முடியேல்ல, ராஜகிரியவில இன்ஸ்டிடியூட் ஒஃப் கெமிஸ்ட்ரி சிலோன் நடத்துற இரசாயனவியல் படிப்பு இருக்கு. ஸ்பேஸ் சயன்ஸ் டிகிரி எண்டு லட்சக்கணக்கில காசு கேக்கிற ஏஜென்ட்மாரிட்டப் போக வேண்டாம், என்னட்ட வந்த ஒரு பெடியன் அப்பிடி ஒருத்தரிட்டக் குடுத்து ரெண்டு வருசத்தை இழந்தவன், அந்தத் தாயின்ர முகம் இன்னும் எனக்கு மறக்கேல்ல. முதல் டிகிரி இஞ்ச, பிஎச்டி வெளியில, அதுக்குப் பல இடங்களில பல்கலைக்கழகமே சம்பளம் தரும். நாசாவில நேரடி அரச வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை வேணும், அங்க விண்கலக் கருவி வேலைகள் சிலதில வெளிநாட்டு ஆக்களுக்குக் கட்டுப்பாடும் இருக்கு, அதை இப்பவே தெரிஞ்சு வச்சுக்கொண்டு அமெரிக்காவில மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களோட சுவிஸ்ல பேர்னையும் பார்க்கச் சொல்லுங்கோ. எங்கட ஆக்களும் போயிருக்கினம். காலியில பிறந்த சிரில் பொன்னம்பெரும மெட்ராஸில முதல் படிச்சது மெய்யியல், பிறகுதான் லண்டனில இரசாயனவியல், நாசாவில நிண்டு சந்திர மண்ணை ஆராய்ஞ்சவர்.

ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் பிள்ளையைச் சும்மா இருத்தி வைக்காதேங்கோ. ஏஸ் விண்கலத்தின்ர டேட்டா இன்ரநெற்றில இலவசமாக் கிடக்கு, பைதன் எண்ட கணினி மொழியைக் கொஞ்சம் பழகி, ஏழு இழந்த ஒட்சிசனுக்கும் ஆறு இழந்ததுக்கும் உள்ள ஒரு மாசத்து விகிதத்தை வரைஞ்சு பார்க்கட்டும், பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுதேக்க சான்றிதழை விட அந்த வரைபுக்கு மதிப்புக் கூட. இந்தியாவின்ர ஆதித்யா எல்1 விண்கலத்திலயும் புரோத்தன், ஈலியம் அளக்கிற கருவி இருக்கு, அதையும் பார்க்கச் சொன்னனான்.

வாற சனிக்கிழமை பின்னேரம் வாங்கோ, அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. சோதினை முடிஞ்சுது எண்டு அந்தக் கெமிஸ்ட்ரி கொப்பியைப் பழைய பேப்பரோட போட்டிடாதேங்கோ, சிவப்பு வட்டம் போட்ட பக்கத்தை அவரும் பார்க்க வேணும்.