கடைசி வருடப் புள்ளிகளும் அமெரிக்காவுக்குப் போகும்

வெள்ளவத்தையிலிருந்து மகளின் தேர்ச்சி அறிக்கையோடு வந்த அம்மாவுக்கு,

அன்றைக்கு ஆறுதலாகப் பேச நேரம் கிடைக்கவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் இரசாயனவியலுக்கு 81. பதின்மூன்றில், இந்த ஒக்டோபர் பரீட்சையில் 58. "டெங்கு வந்து மூன்று கிழமை படுத்துவிட்டாள் சேர். லண்டன் ஏ லெவலில் எடுத்துவிடுவாள்தானே?" என்று கேட்டீர்கள். எடுப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பள்ளி இறுதிப் பரீட்சையின் பெறுபேறு வருவது ஓகஸ்டில். மகள் விண்ணப்பிக்கப்போகும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் தொடக்கத்துக்குள் முடிவைச் சொல்லிவிடும்.

நாமெல்லாம் இசட் புள்ளிக்கு, அதாவது இலங்கை உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளை வைத்துக் கணிக்கும் அனுமதிப் புள்ளிக்கு, பழகியவர்கள். பரீட்சை மண்டபத்தில் எழுதியதுதான் கணக்கு. தவணைப் பரீட்சையில் என்ன எடுத்தாலும் இங்குள்ள பல்கலைக்கழக அனுமதிக்கு அது தேவையில்லை. கடைசி வருடத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ரியூஷனே கதியென்று கிடப்பதும் அதனால்தான். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த புள்ளிகள் வரிசையாக அங்கே போகும். ஏறுகிறாளா, இறங்குகிறாளா என்று பார்ப்பார்கள். கல்லூரிப் படிப்புக்கு ஆகக் கிட்ட இருப்பது இந்த வருடம் என்பதால் இதைக் கூர்ந்து பார்ப்பார்கள்.

நவம்பர் 1 இல் முடியும் 'ஏர்லி டிசிஷன்' வேண்டாம் என்று நான் சொன்னதற்கும் காரணம் இதுதான். அதில் ஒரேயொரு கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இடம் தந்தால் அங்கேயே போகவேண்டும். இப்போது அனுப்பினால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த 58. ஜனவரி தொடக்கத்தில் முடியும் வழமையான சுற்றில் போட்டால், டிசம்பர் தவணைப் புள்ளிகளைப் பள்ளிக்கூடம் 'மிட் இயர் ரிப்போர்ட்' ஆக அனுப்பும். 58க்குப் பிறகு ஒரு 76 வந்தாலே கதை மாறிவிடும்.

டெங்குவை மறைக்கவேண்டாம், அழுது புலம்பவும் வேண்டாம். விண்ணப்பத்தில் மேலதிக விபரங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. எப்போது காய்ச்சல் வந்தது, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, விட்ட பாடங்களை எப்படிப் பிடித்தாள் என்று மூன்று வரியில் மகளே எழுதட்டும். அதே விடயம் பள்ளிக்கூடம் தரும் கடிதத்திலும் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. இடம் கிடைத்த பிறகும் இறுதிப் புள்ளிகளைக் கேட்டு வாங்குவார்கள். இங்கிலாந்து மாதிரி 'இரண்டு ஏ, ஒரு பி எடுத்தால் இடம்' என்று அநேகமாக எழுதித் தரமாட்டார்கள்; ஆனால் அனுமதிக் கடிதத்தைக் கவனமாக வாசியுங்கள், இதே தரத்தில் படித்து முடிக்கவேண்டும் என்று இருக்கும். ஒரு பி குறைந்து சி ஆனதற்காக யாரும் இடத்தைப் பறிப்பது அரிது. ஏ எடுத்த பிள்ளை டீக்கு விழுந்தால், அல்லது சொல்லாமல் ஒரு பாடத்தை விட்டால், விளக்கம் கேட்பார்கள்; இடத்தைத் திருப்பி எடுத்ததும் உண்டு. பௌதிகவியலை விடலாமா என்று மகள் கேட்டாளே, அதற்கும் இதுதான் என் பதில்: விடவேண்டாம்.

திங்கட்கிழமை வகுப்பாசிரியரைப் போய்ச் சந்தியுங்கள். வைத்தியசாலைத் துண்டின் பிரதியையும் கொண்டுபோங்கள். டிசம்பர் அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு ஒரு கோல் எடுங்கள், இருந்து பார்ப்போம்.