மாத்திரை அட்டையில் உள்ள ‘பி.பி.’ பிரஷரைக் குறிக்கிறதா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: “அம்மாவுக்குச் சீனி வியாதி மட்டுமே உண்டு, பிரஷர் இல்லை. கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டதால் துண்டைக் கொண்டுபோய் வெளியே பார்மசியில் வாங்கினோம். அட்டையில் மெட்போமின் என்ற பெயரை அடுத்து ஆங்கிலத்தில் பி.பி. என்று இருக்கிறது. அது பிரஷர் மாத்திரை என்று அடுத்த லயத்து அக்கா சொன்னதால் அம்மா அதை நிறுத்திவிட்டார். மருந்து மாறிவிட்டதா?”

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மருந்து மாறவில்லை. மெட்போமின் சீனி வியாதிக்குரிய மருந்துதான். அதை அடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகள் இரத்த அழுத்தத்தைக் குறிப்பவை அல்ல. அவை ‘பிரிட்டிஷ் பார்மகோபியா’ என்ற மருந்துத் தர நூலின் சுருக்கம். 1864இல் முதன்முதலில் வெளிவந்த அந்நூல் இப்போது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு மருந்தில் சொல்லப்பட்ட பொருள் எவ்வளவு இருக்க வேண்டும், அதில் எந்த மாசு எந்த அளவைத் தாண்டக்கூடாது, அவற்றை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. உதாரணமாக, 500 மில்லிகிராம் என்று அச்சிட்ட பரசிட்டமோல் மாத்திரைகளில், அந்நூலின்படி, மருந்தின் அளவு 95 முதல் 105 சதவீதத்துக்குள், அதாவது சராசரியாக மாத்திரைக்கு 475 முதல் 525 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். ஆகவே காய்ச்சல் மாத்திரையிலும் இதே பி.பி. இருக்கும், அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, ஏனென்றால் அந்த அட்டையை யாரும் வாசிப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, உண்மையான பிரஷர் மாத்திரையில் அந்த எழுத்துகள் இல்லாமலும் போகலாம். லொசார்டன் பிரஷருக்குக் கொடுக்கப்படும் மருந்து. ஒரு கம்பனியின் லொசார்டன் அட்டையில் பி.பி. என்றிருக்க, இன்னொரு கம்பனியின் அட்டையில் அமெரிக்கத் தர நூலைக் குறிக்கும் யூ.எஸ்.பி. என்றிருக்கும். இந்திய நூலைப் பின்பற்றியிருந்தால் ஐ.பி. என்று வரும். நோயாளிக்கு இதனால் ஆகவேண்டிய காரியம் எதுவுமில்லை என்பதால், இவ்வெழுத்துகளை இன்னும் சிறிதாக அச்சிட்டாலும் நட்டமில்லை என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் ஒப்பிட வேண்டியவை மருந்தின் பெயரும் அளவும் மட்டுமே. கொட்டை எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். அதுவும் மில்லிகிராம் அளவும் கிளினிக் கொப்பியில் உள்ளதோடு பொருந்தினால் மருந்து சரி. காலாவதித் திகதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டுமே பதிந்திருக்கும். பத்து மாத்திரை அட்டையில் ஆறை வெட்டித் தரும்போது அது கடைக்காரரிடமே தங்கிவிடுவதுண்டு. வெட்டுவதற்கு முன் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

குழப்பம் வந்ததில் அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. கிளினிக் கொப்பியில் பி.பி. என்று எழுதி, பக்கத்தில் 130/80 என்பதுபோலச் சாய்கோட்டுடன் இரண்டு எண்கள் இருந்தால், அது இரத்த அழுத்தம்தான். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண், தளரும்போது உள்ளது கீழ் எண். அதே கொப்பியில் மருந்தின் பெயருக்குப் பின்னால் சிறிய எழுத்தில் பி.டி. என்று கிறுக்கியிருப்பார்கள், அது ‘நாளைக்கு இரண்டு வேளை’ என்பதற்கான லத்தீன் சுருக்கம். அவசரக் கையெழுத்தில் இதுவும் பி.பி. போலவே தெரியும். போதாக்குறைக்கு, ஸ்டோரில் தேயிலை மூட்டையின் மேல் பி.பி. என்றிருந்தால் அது புரோக்கன் பெக்கோ. சலித்துப் பிரித்த தூளின் பருமனைச் சொல்லும் தரப்பெயர், சுவையைச் சொல்வதன்று. உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்கோ அது கொதிநிலை. எழுத்து எங்கே, எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

இனி அம்மாவின் விடயம். விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக இரட்டை மாத்திரை கொடுக்கவே கூடாது. கொப்பியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல், அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் மருந்தாளரிடம் காட்டுங்கள். வாந்தியோ சாப்பிட முடியாத நிலையோ இருந்தால், மெட்போமினைத் திரும்பத் தொடங்குமுன் டொக்டரைப் பார்ப்பது அவசியம். அப்படி எதுவும் இல்லையென்றால் வழமைபோலச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைப் பார்க்கும்போது, எத்தனை நாள் மருந்து எடுக்கவில்லை என்பதை அம்மா கட்டாயம் சொல்ல வேண்டும். ஏச்சு விழும் என்று மறைத்தால், சீனி கூடியிருப்பதைப் பார்த்த டொக்டர் மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவிடக்கூடும்.